மதுரைச் சுங்குடியும் ஆடை வடிவமைப்பு உரிமையும்

மதுரைச் சுங்குடி என்பது பருத்தித் துணியில் சிறு முடிச்சுகள் இட்டுச் சாயத்தில் தோய்த்து, முடிச்சு இருந்த இடங்களைப் புள்ளிகளாகத் தோன்றச் செய்யும் துணி வகையாகும். மதுரையில் வாழும் சௌராட்டிர மக்களின் கைத்தொழிலாகத் தலைமுறை தலைமுறையாக இது நடைபெற்று வருகிறது. 2005-06ஆம் ஆண்டில் இந்தியாவின் புவிசார் குறியீட்டுப் பதிவேட்டிலும் இது இடம்பெற்றது.

ஒரு துணியின் கோலம் யாருக்கு உரியது, அதைப் பிறர் நகலெடுத்தால் சட்டம் எந்த அளவுக்குத் துணை நிற்கும் என்னும் கேள்விகளுக்குச் சுங்குடியின் வரலாறு நல்ல எடுத்துக்காட்டு. மதுரையிலும், திருநகர், திருப்பரங்குன்றம் போன்ற புறநகர்ப் பகுதிகளிலும் சிறிய அளவில் ஆடைத் தொழில் தொடங்க விரும்புவோர் இவ்வரலாற்றை அறிந்திருப்பது பயன்தரும். ஊருக்குப் பொதுவான மரபு எது, தனியொருவரின் புதிய படைப்பு எது என்ற வேறுபாடு தெரியாமல் பலர் தம் உரிமையை இழக்கின்றனர்.

தொழிலும் மக்களும்

சௌராட்டிரர்கள் குசராத்துப் பகுதியிலிருந்து தெற்கே வந்தவர்கள். தேவகிரி, விசயநகரம் ஆகிய இடங்களில் தங்கிப் பின்னர் நாயக்கர் காலத்தில் மதுரையில் குடியேறினர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபு. பட்டு நெசவில் தேர்ந்தவர்கள் என்பதால் பட்டுநூல்காரர் என்னும் பெயரும் அவர்களுக்கு உண்டு. வீட்டில் சௌராட்டிர மொழியும் வெளியில் தமிழும் பேசுவர். நெசவு, சாயத்தொழில், துணி வணிகம் ஆகியவற்றில் மதுரை நகர வாழ்வோடு ஒன்றிப் போனவர்கள்.

குசராத்தின் பாந்தினித் துணியும் சுங்குடியும் ஒரே முறையைச் சேர்ந்தவை. துணியின் மீது முதலில் கட்டங்களும் கோலமும் குறிக்கப்படும். குறித்த இடத்தில் துணியை நகத்தால் அல்லது விரல் நுனியால் கிள்ளி எடுத்து, நூலால் இறுக்கிச் சுற்றி முடிச்சு இடுவர். இப்படி முடிச்சிட்ட துணியைச் சாயத்தில் தோய்த்து எடுத்தால் நூல் சுற்றிய இடத்தில் சாயம் ஏறாது. துணி காய்ந்தபின் முடிச்சைப் பிரிக்கும்போது அங்கே புள்ளி தெரியும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள் தேவைப்படும். இம்முடிச்சு வேலையைப் பெரும்பாலும் பெண்கள் வீட்டிலிருந்தபடியே செய்து வந்தனர். கூலி முடிச்சின் எண்ணிக்கையைப் பொறுத்தது.

கையால் கட்டிய சுங்குடியில் ஒரு புள்ளியைப் போல மற்றொரு புள்ளி இராது. சாயம் துணிக்குள் ஊறுவதால் முன்புறமும் பின்புறமும் ஒரே மாதிரியாக இருக்கும். முடிச்சு இருந்த இடத்தில் துணி சற்றே சுருங்கிக் காணப்படும். அச்சிட்ட துணியிலிருந்து இதைப் பிரித்தறிய இவ்வடையாளங்களே உதவுகின்றன.

நகலெடுப்பின் பழைய வரலாறு

துணியின் வடிவமைப்பை நகலெடுப்பது புதிய சிக்கல் அன்று. 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து சென்ற சாயத் துணிகள் இங்கிலாந்தில் பெரும் வரவேற்பைப் பெற்றன. அங்குள்ள கம்பளி, பட்டு நெசவாளர்கள் இதனால் பாதிக்கப்பட்டனர். அவர்களின் எதிர்ப்பைத் தொடர்ந்து, அச்சிட்ட இந்தியத் துணிகளை இறக்குமதி செய்வதற்கு 1700ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்தது. 1721ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய துணிகளை உடுத்துவதையே தடுத்தது. இத்தடைகளின் நிழலில் இங்கிலாந்திலேயே துணி அச்சுத் தொழில் வளர்ந்தது.

அத்தொழில் வளர்ந்தபின் அச்சுக்காரர்கள் ஒருவர் கோலத்தை மற்றவர் திருடத் தொடங்கினர். அதைத் தடுக்க 1787இல் ஆங்கிலேயப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. லினன், பருத்தி, மஸ்லின் துணிகளுக்குப் புதிய கோலம் உருவாக்கியவருக்கு, அது வெளியான நாளிலிருந்து இரண்டு மாதங்களுக்குத் தனியுரிமை கிடைத்தது. 1794இல் இக்காலம் மூன்று மாதமாக நீட்டிக்கப்பட்டது. பிரான்சில் லியோன் நகரப் பட்டுத் தொழிலுக்காக 1806இல் ஒரு சட்டம் வந்தது. துணி மாதிரியை உறையிலிட்டு முத்திரை வைத்து ஒப்படைக்க அது வழி செய்தது. பின்னர் வழக்கு எழுந்தால் உறையைத் திறந்து, முதலில் உருவாக்கியவர் யார் என்று முடிவு செய்தனர். உலகின் முதல் வடிவமைப்புப் பாதுகாப்புச் சட்டங்கள் துணியை ஒட்டியே பிறந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

அதே இங்கிலாந்து இந்தியக் கைவினைஞரின் கோலங்களை வேறு விதமாக நடத்தியது. இலண்டனில் இந்திய அலுவலகத்தில் பணியாற்றிய ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் 1866இல் இந்தியத் துணி மாதிரிகளைத் திரட்டி 18 தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றில் 700 மாதிரித் துண்டுகள் ஒட்டப்பட்டிருந்தன. மொத்தம் 20 தொகுப்புகள் உருவாயின. அவற்றில் 13 பிரிட்டனிலும் 7 இந்தியாவிலும் வைக்கப்பட்டன. இந்திய மக்கள் எத்தகைய துணியை விரும்புகிறார்கள் என்பதைப் பிரிட்டனின் ஆலைக்காரர்கள் அறிந்து, அதே போன்ற துணியை ஆலையில் நெய்து இங்கே விற்பதற்கு அத்தொகுப்பு உதவியது. அம்மாதிரிகளை நெய்தவர்களுக்கோ சாயமிட்டவர்களுக்கோ அதில் எந்த உரிமையும் இல்லை. தம் ஊர் அச்சுக்காரரின் கோலத்தைக் காக்கச் சட்டம் செய்த நாடு, மற்றொரு நாட்டுக் கைவினைஞரின் கோலத்தைப் பொதுச்சொத்தாகக் கருதியது.

இந்தியாவில் வடிவமைப்புச் சட்டம்

இந்தியாவில் இத்துறையில் முதல் சட்டம் 1872இல் வந்தது. 1888இல் புதுப்புனைவுகளையும் வடிவமைப்புகளையும் சேர்த்து மற்றொரு சட்டம் இயற்றப்பட்டது. 1911ஆம் ஆண்டின் காப்புரிமை, வடிவமைப்புச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. விடுதலைக்குப் பின்னும் வடிவமைப்புக்கு இச்சட்டமே பல்லாண்டுகள் நடைமுறையில் இருந்தது. உலக வணிக அமைப்பின் உடன்பாட்டுக்கு ஏற்ப இந்தியா தன் அறிவுசார் சொத்துச் சட்டங்களைத் திருத்தியபோது, வடிவமைப்புச் சட்டம், 2000 இயற்றப்பட்டு 2001 மே மாதம் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டங்கள் அனைத்துக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. வடிவமைப்பு புதியதாக இருக்க வேண்டும். அதை உருவாக்கியவர் இன்னார் என்று காட்ட முடிய வேண்டும். சுங்குடியின் புள்ளிக் கோலங்களோ பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்தவை. அவை புதியவையும் அல்ல, ஒருவருக்கு மட்டும் உரியவையும் அல்ல. எனவே ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இந்தியாவில் வடிவமைப்புச் சட்டம் இருந்தும், அது சுங்குடிக் கோலங்களைக் காக்கவில்லை.

அச்சுச் சுங்குடியின் வருகை

முதல் மாற்றம் சாயத்தில் வந்தது. வேர், பட்டை, அவுரி முதலியவற்றிலிருந்து எடுத்த இயற்கைச் சாயங்களே முன்பு பயன்பட்டன. 1868இல் செருமானிய வேதியியலாளர்கள் சிவப்புச் சாயமான அலிசரினைச் செயற்கையாக உருவாக்கினர். 1897இல் செயற்கை அவுரிச் சாயம் சந்தைக்கு வந்தது. செயற்கைச் சாயம் வேலையை எளிதாக்கியது. முடிச்சு மட்டும் கையாலேயே இடப்பட்டது.

இரண்டாவது மாற்றம் முடிச்சையே தேவையற்றதாக்கியது. உருக்கிய மெழுகைத் துணியில் அச்சுக்கட்டையால் ஒற்றிச் சாயமிட்டு, பின் வெந்நீரில் மெழுகை நீக்கினால் முடிச்சு இல்லாமலே புள்ளி கிடைத்தது. மதுரையிலும் திண்டுக்கல் மாவட்டம் சின்னாளப்பட்டியிலும் இம்முறை பரவியது. அதன்பின் திரை அச்சு வந்தது. பல நாள் முடிச்சிட வேண்டிய சேலையைச் சிறிது நேரத்திலேயே அச்சிட முடிந்தது. இன்று சுங்குடி என்ற பெயரில் கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை மெழுகு அச்சு அல்லது திரை அச்சுத் துணிகளே. செயற்கை இழைத் துணியில் புள்ளி அச்சிட்டுச் சுங்குடி என்று விற்பதும் உண்டு.

மெழுகு அச்சும் ஒரு கைத்தொழில்தான். அதை நம்பியும் குடும்பங்கள் வாழ்கின்றன. ஆனால் விலை குறைந்த அச்சுத் துணியும் முடிச்சுத் துணியும் ஒரே பெயரில் விற்கப்பட்டபோது, வாங்குவோருக்கு வேறுபாடு தெரியாமல் போனது. முடிச்சிட்ட பெண்களின் கூலிக்கு ஏற்ற விலை கிடைக்கவில்லை. அடுத்த தலைமுறை அவ்வேலையைக் கற்க முன்வரவில்லை. நகலெடுப்பினால் ஏற்படும் உண்மையான இழப்பு இதுவே. கோலம் எங்கும் பரவியது. அதை உருவாக்கிய கைகள் குறைந்தன.

புவிசார் குறியீடு

மரபுத் தொழில்களுக்கு வேறு வகையான சட்டம் தேவை என்பது பின்னர் உணரப்பட்டது. பொருள்களின் புவிசார் குறியீடுகள் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இதற்கான பதிவகம் சென்னை கிண்டியில் உள்ளது. இந்தியா முழுவதற்கும் இது ஒன்றே. 2005-06இல் மதுரைச் சுங்குடியோடு காஞ்சிபுரம் பட்டும் பவானி ஜமக்காளமும் பதிவு பெற்றன. 2019இல் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையும் இப்பட்டியலில் சேர்ந்தது.

புவிசார் குறியீடு தனியொருவரின் சொத்து அன்று. அதை விற்கவோ பிறருக்கு மாற்றவோ முடியாது. பதிவு பெற்ற அமைப்பு அதன் உரிமையாளர். அப்பகுதியில் அப்பொருளை உண்மையாகச் செய்வோர் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிவு செய்துகொள்ளலாம். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், தொடர்ந்து புதுப்பிக்கலாம். பெயரைப் பொய்யாகப் பயன்படுத்தினால் சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

ஆனால் இச்சட்டம் காப்பது பெயரையே தவிரப் புள்ளிக் கோலத்தை அன்று. வேறு ஊரில் ஒருவர் புள்ளி அச்சிட்ட சேலையைச் செய்து, மதுரைச் சுங்குடி என்று சொல்லாமலும் அவ்வாறு எண்ணச் செய்யாமலும் விற்றால் இச்சட்டம் அவரைத் தடுக்காது. பதிவேட்டில் பெயர் இருப்பது மட்டும் போதாது. பொய்யாகப் பயன்படுத்துவோரைக் கண்காணித்து வழக்குத் தொடுக்க உரியவர்கள் முன்வர வேண்டும்.

2025இல் நிகழ்ந்த ஒரு நிகழ்வு இதை விளக்கும். இத்தாலிய நிறுவனமான பிராடா மிலன் நகர ஆடைக் காட்சியில் கோலாப்பூர்ச் செருப்பை ஒத்த காலணிகளைக் காட்டியது. கோலாப்பூர்ச் செருப்பு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. எதிர்ப்பு எழுந்தபின், இந்திய மரபுக் காலணியின் தாக்கம் அவ்வடிவமைப்பில் உண்டு என்று அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. வழக்கறிஞர்கள் சிலர் பொதுநல வழக்குத் தொடுத்தனர். குறியீட்டின் பதிவு உரிமையாளர்களே நீதிமன்றத்தை நாடலாம் என்று கூறி மும்பை உயர் நீதிமன்றம் ஜூலையில் அதைத் தள்ளுபடி செய்தது.

புதிய வடிவமைப்பின் உரிமை

மரபுக் கோலத்திலிருந்து ஒருவர் புதியதொன்றை உருவாக்கினால் அதற்கு வேறு சட்டங்கள் பொருந்தும். இவற்றைக் குறிக்கும் சொற்களைத் தமிழில் பலர் குழப்பிக்கொள்கின்றனர். காப்புரிமை என்பது புதுப்புனைவுக்கு உரியது. ஓவியம், எழுத்து போன்றவற்றுக்கு உரியது பதிப்புரிமை. பொருளின் கண்ணுக்குத் தெரியும் தோற்றத்துக்கு உரியது வடிவமைப்புப் பதிவு. கடையின் அல்லது நிறுவனத்தின் பெயருக்கும் சின்னத்துக்கும் உரியது வணிகச்சின்னம்.

வடிவமைப்புச் சட்டத்தின்படி, ஒரு பொருளின் மீது அமைந்த உருவம், கோலம், அலங்காரம், கோடுகள் அல்லது நிறங்களின் சேர்க்கை ஆகியவற்றைப் பதிவு செய்யலாம். விண்ணப்பிக்கும் முன் அது இந்தியாவிலோ வேறெந்த நாட்டிலோ வெளியாகியிருக்கக் கூடாது. ஏற்கெனவே உள்ளவற்றிலிருந்து தெளிவாக வேறுபட்டிருக்க வேண்டும். பதிவு செய்தால் 10 ஆண்டுகளுக்கு உரிமை கிடைக்கும். மேலும் 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம். ஆடைகள் 2ஆம் வகுப்பிலும் துணிகள் 5ஆம் வகுப்பிலும் பதிவாகும். நகலெடுத்தவரிடமிருந்து ஒவ்வொரு மீறலுக்கும் 25,000 ரூபாய் வரை, ஒரு வடிவமைப்புக்கு மொத்தம் 50,000 ரூபாய் வரை பெறலாம். அல்லது இழப்பீடும் தடையாணையும் கோரி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம்.

பதிவு செய்யாவிட்டாலும் பதிப்புரிமை காக்கும் என்று சிலர் எண்ணுகின்றனர். பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 15ஆம் பிரிவு இதற்கு வரம்பு விதிக்கிறது. வடிவமைப்பாகப் பதிவு செய்யத்தக்க ஒன்றைப் பதிவு செய்யாமல், உரிமையாளரோ அவரிடம் அனுமதி பெற்றவரோ அதைத் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் உற்பத்தி செய்தால் அதன் மீதான பதிப்புரிமை முடிந்துவிடும்.

இரண்டு வழக்குகள் இவ்விதியின் இரு பக்கங்களைக் காட்டுகின்றன. 2008இல் தகிலியானி என்னும் ஆடை வடிவமைப்பு நிறுவனம் தொடர்ந்த வழக்கில், அதன் ஆடைகள் 50க்கும் குறைவாகவே செய்யப்பட்டிருந்ததால் டெல்லி உயர் நீதிமன்றம் பதிப்புரிமைப் பாதுகாப்பை ஏற்றது. ரித்து குமார் ஆடைகளை விற்கும் ரித்திகா நிறுவனம், பிபா நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தது. வடிவமைப்புகள் பதிவு செய்யப்படவில்லை. ஆடைகளோ 50க்கு மேல் உற்பத்தியாகியிருந்தன. எனவே 2016இல் அதே நீதிமன்றம் அவ்வழக்கை ஏற்கவில்லை. பெயர்பெற்ற நிறுவனத்துக்கே நிலைமை இதுவென்றால், சிறுதொழில் செய்வோர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்பது விளங்கும்.

சிறுதொழில் தொடங்குவோர் அறிய வேண்டியவை

திருநகரில் ஒருவர் வீட்டின் முன்னறையில் சில தையல் இயந்திரங்களை வைத்துச் சுங்குடிக் குர்த்திகள் தைத்து விற்கத் தொடங்குகிறார் என்று கொள்வோம். புள்ளிகளை மல்லிகைச் சரம் போல வளைத்து அமைத்த ஒரு கோலம் அவருடைய சொந்தப் படைப்பு. அவரிடம் உள்ளவை மூன்று.

முதலாவது, மதுரைச் சுங்குடி என்னும் பெயர். இது ஊருக்குப் பொது. துணி உண்மையான சுங்குடியாக இருந்து, அவர் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொண்டால் அப்பெயரை உரிமையோடு பயன்படுத்தலாம். தமக்கு மட்டும் உரியது என்று கோர முடியாது.

இரண்டாவது, மல்லிகைச் சரக் கோலம். இது அவருடையது. ஆனால் வாட்ஸ்அப்பில் படம் போடும் முன்னரும், கண்காட்சியில் வைக்கும் முன்னரும், கடைக்காரரிடம் மாதிரி கொடுக்கும் முன்னரும் பதிவுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். பலர் முதலில் விற்றுப் பார்த்து, நன்றாக ஓடினால் பதிவு செய்யலாம் என்று காத்திருப்பர். அதற்குள் கோலம் வெளியாகிப் புதுமை போய்விடும். விண்ணப்பத்தைச் சென்னை அலுவலகத்திலோ இணையத்திலோ அளிக்கலாம். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் கட்டணம் குறைவு.

மூன்றாவது, அவர் தம் தொழிலுக்கு வைத்த பெயர். வணிகச்சின்னச் சட்டம், 1999இன்படி இதைப் பதிவு செய்யலாம். பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து வந்தால் உரிமைக்கு முடிவில்லை. கோலம் ஆறு மாதத்தில் பழையதாகலாம். நல்ல பெயர் நிலைக்கும். எனவே ஒவ்வொரு கோலத்தையும் பதிவு செய்யப் பணம் செலவிடாமல், நெடுநாள் ஓடக்கூடிய சிலவற்றை மட்டும் பதிந்து, பெயரைக் கட்டாயம் பதிவது சிறுதொழிலுக்கு ஏற்ற வழி.

இவற்றோடு சில எளிய பழக்கங்களும் உதவும். வரைபடங்களைத் தேதியிட்டுப் பாதுகாக்க வேண்டும். அச்சுப்பட்டறையிலும் சாயப்பட்டறையிலும் வேலை கொடுக்கும்போது, கோலத்தைப் பிறருக்குக் காட்டக் கூடாது என்று எழுத்தில் பெற வேண்டும். ஊதியம் கொடுத்து ஒருவரிடம் கோலம் வரைந்து வாங்கினால், வடிவமைப்புச் சட்டத்தின்படி அதன் உரிமை வாங்கியவருக்கே வரும். ஆயினும் அதை ஓர் ஒப்பந்தமாக எழுதிக்கொள்வது பிற்காலத் தகராற்றைத் தவிர்க்கும். பிறருடைய பதிவு பெற்ற கோலத்தைத் தாம் அறியாமல் பயன்படுத்திவிடாதபடி பதிவேட்டைத் தேடிப் பார்ப்பதும் கடமையாகும்.

எஞ்சி நிற்பது

மேற்கண்ட சட்டங்களில் வடிவமைப்புப் பதிவு வரைந்தவரைக் காக்கிறது. வணிகச்சின்னம் விற்பவரைக் காக்கிறது. புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்கிறது. முடிச்சு இடும் பெண்ணின் கூலியை இவற்றுள் எதுவும் நேரடியாகக் காக்கவில்லை. அவருடைய உழைப்புக்கு விலை கிடைக்க வேண்டுமானால், வாங்குபவர் முடிச்சுச் சுங்குடியையும் அச்சுச் சுங்குடியையும் பிரித்தறிய வேண்டும். அதற்கு விற்பவர் உண்மையைச் சொல்ல வேண்டும். துணியோடு இணைக்கும் சீட்டில் கையால் முடிச்சிட்டது, மெழுகு அச்சு, திரை அச்சு என்று தெளிவாக எழுதுவதற்குப் பெருஞ்செலவு இல்லை.

புதிதாகத் தொழில் தொடங்குவோர் தம் கோலத்தைப் பிறர் நகலெடுக்கக் கூடாது என்று விரும்புவது நியாயமே. அக்கோலத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால், பெயர் பதிவாகாத பலருடைய கைத்திறன் நிற்கிறது. முடிச்சு வேலைக்கு உரிய கூலி கொடுத்து, அதைச் சீட்டில் எழுதி விற்பவர் தம் பொருளை அச்சு நகலிலிருந்து எளிதில் வேறுபடுத்திக் காட்டலாம். முடிச்சிடும் கை வேலையிழக்காமல் இருக்கவும் அதுவே வழி.